பேட்டன்டுக்கும் உண்டு செக்குபந்தி

கோயம்புத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறை வச்சிருக்கறவங்ககிட்ட பேசிட்டிருந்தா கொஞ்ச நேரத்துல இந்தக் கேள்வி வந்துரும். "ஏனுங்க, இந்த மெஷினை நான்தான் முதல்ல பண்ணேன், பேட்டன்ட் வாங்கிட்டா வேற யாரும் இதைப் பண்ண முடியாதுங்களா?" கேக்கறவர் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ராத்திரி முழிச்சு, வெல்டிங் வச்சு, பிரிச்சு, திரும்ப வெல்டிங் வச்சு அந்தப் பொருளை உருவாக்கியிருப்பார். அவர்கிட்ட ஆமாம் இல்லைன்னு ஒத்தை வார்த்தைல சொல்லி அனுப்ப எனக்கு மனசு வராது, அதனால இங்க விலாவாரியா எழுதறேன்.

முதல்ல நிலத்துப் பத்திரத்தை நினைச்சுக்கங்க. பத்திரத்துல "செக்குபந்தி"ன்னு ஒரு பகுதி வரும், கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே வாய்க்கால்னு நாலு எல்லையும் எழுதியிருப்பாங்க. நீங்க அந்தக் காட்டுல எத்தனை வருஷம் உழுதீங்க, எவ்வளவு கிணறு வெட்டினீங்கன்னு கோர்ட்டுல சொல்லலாம், ஆனா உங்க இடம் எதுவரைக்கும்னு கேட்டா அந்த நாலு வரியைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க. பேட்டன்ட்ல அந்த நாலு வரிக்குப் பேரு கிளெய்ம். விண்ணப்பத்தோட கடைசில நம்பர் போட்டு எழுதியிருக்கற சில வாக்கியங்கள், அவ்வளவுதான். உங்க மெஷின் எவ்வளவு அருமையா ஓடினாலும், கிளெய்ம்ல வராத பாகம் உங்களுக்குச் சொந்தம் கிடையாது. இதை மட்டும் ஒருத்தர் ஆரம்பத்துலயே புரிஞ்சுக்கிட்டா பாதிப் பிரச்சனை வராதுன்னு நான் நம்பறேன்.

இன்னொண்ணு, பேட்டன்ட் உங்களுக்கு "பண்ற" உரிமையைக் கொடுக்கறதில்ல, அடுத்தவங்களை "பண்ணாதே"ன்னு தடுக்கற உரிமையைத்தான் கொடுக்குது. அதுவும் இந்தியாவுக்குள்ள மட்டும், விண்ணப்பம் போட்ட தேதில இருந்து 20 வருஷத்துக்கு மட்டும். அதுக்குப் பதிலா நீங்க அரசாங்கத்துக்கு என்ன கொடுக்கறீங்கன்னா, அந்தப் பொருளை எப்படிப் பண்றதுன்னு முழுசா எழுதிக் கொடுக்கறீங்க, அதே துறைல இருக்கற இன்னொருத்தர் படிச்சுப் பார்த்து தானே செஞ்சுக்கற அளவுக்கு. இது பழைய ஒப்பந்தம். இந்தியால 1856-லயே இதுக்குச் சட்டம் வந்துருச்சு, அந்த வருஷம் கல்கத்தால இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங்னு ஒரு இன்ஜினியர் பங்கா (கூரைல தொங்கற துணி விசிறி) இழுக்கற மெஷினுக்கு உரிமை கேட்டுப் போட்ட மனுவைத்தான் இங்க முதல் பேட்டன்ட்னு சொல்றாங்க. இப்ப நடப்புல இருக்கறது 1970-ம் வருஷச் சட்டம், 2005 வரைக்கும் பெரிய பெரிய திருத்தமெல்லாம் பண்ணி.

சரி, ஒரு கற்பனை உதாரணம் வச்சுக்கலாம், கட்டுரை முழுக்க அது கூடவே வரட்டும். தேங்காய் உரிக்கற மெஷின். ரெண்டு உருளை எதிரெதிரா சுத்துது, மேல பல்லு இருக்கு, மட்டையைக் கவ்வி இழுக்குது. இந்த மாதிரி மெஷின் ஏற்கனவே நிறைய இருக்கு. உங்களோடதுல புதுசு என்னன்னா, சின்னக் காய் வந்தாலும் பெரிய காய் வந்தாலும் ஒரு ஸ்பிரிங் உருளையைக் கொஞ்சம் விலக்கிக் கொடுக்குது, அதனால ஓடு உடையறதில்ல. நல்ல விஷயம். இப்ப என்ன பண்ணுவீங்க?

பெரும்பாலானவங்க முதல்ல போனை எடுத்து வீடியோ பிடிச்சு யூடியூப்ல போட்டுருவாங்க. இல்லைன்னா கோவை கொடிசியா வளாகத்துல கண்காட்சி நடக்குதுன்னு ஸ்டால் எடுத்து நாலு நாள் ஓட்டிக் காட்டுவாங்க, வாட்ஸ்அப் குரூப்ல பகிர்வாங்க, ரெண்டு மெஷினை வித்தும் இருப்பாங்க. சந்தோஷத்துல பண்றதுதான், யாரைக் குறை சொல்ல முடியும். ஆனா சட்டம் "புதுசா இருக்கணும்"னு சொல்றது உலகத்துக்கே புதுசா இருக்கணும்னு அர்த்தம், விண்ணப்பம் போடற தேதிக்கு முன்னாடி வெளிய வந்த எதுவும் அதைக் கெடுக்கும், *நீங்களே* வெளியிட்டதும் கெடுக்கும். நிறைய பேருக்கு இந்தக் கடைசி வரி அதிர்ச்சியா இருக்கும். என் வீடியோவே எனக்கு எதிரா நிக்குமான்னா, ஆமா, நிக்கும்.

கண்காட்சிக்கு ஒரு விலக்கு இருக்குங்கறது உண்மை. சட்டத்தோட 31-ம் பிரிவு 12 மாசம் அவகாசம் கொடுக்குது, ஆனா எல்லாக் கண்காட்சிக்கும் கிடையாது, மத்திய அரசு கெசட்ல (அரசிதழ்ல) அறிவிச்ச கண்காட்சிக்குத்தான். அறிவியல் சங்கத்துல வாசிச்ச கட்டுரைக்கும் இதே மாதிரி குறுகலா ஒரு வழி இருக்கு. அமெரிக்கால கண்டுபிடிச்சவர் தானே வெளியிட்டிருந்தா பொதுவாவே ஒரு வருஷம் டைம் உண்டு, அதைப் படிச்சுட்டு இங்கயும் அப்படித்தான்னு நினைச்சு ஏமாந்தவங்க இருக்காங்க. காலேஜ் ப்ராஜெக்ட் டே, ஹேக்கத்தான், ரீல்ஸ், இதுக்கெல்லாம் அந்த விலக்கு எட்டாது. அதனால நான் யார்கிட்டயும் சொல்றது இதுதான், முதல்ல ஃபைல் பண்ணுங்க, அப்புறம் ஊரைக் கூட்டுங்க. நடுவுல பார்ட் பண்றவர்கிட்டயோ பணம் போடறவர்கிட்டயோ காட்டியே ஆகணும்னா ரகசியம் காப்பேன்னு ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டுக் காட்டுங்க. சொந்த மச்சானா இருந்தாலும் வாங்கிக்கங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல.

வீடியோ போடறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது தேடல், அதாவது இதை ஏற்கனவே வேற யாராவது பண்ணியிருக்காங்களான்னு பார்க்கறது. இதுக்குப் பத்து பைசா செலவு கிடையாது. இந்திய பேட்டன்ட் ஆபீஸோட சைட்லயே தேடற வசதி இருக்கு, கூகுள் பேட்டன்ட்ஸ் இருக்கு, ஐரோப்பிய ஆபீஸ் நடத்தற எஸ்பாசெனட் இருக்கு. தேங்காய்ன்னா கேரளா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இலங்கைன்னு உரிக்கற ஊர் எத்தனையோ, யாரோ ஒருத்தர் முப்பது வருஷம் முன்னாடி இதே ஸ்பிரிங்கைப் போட்டுக் காகிதத்துல வரைஞ்சு வச்சிருக்கலாம். ரெண்டு நாள் உக்காந்து தேடினா ஒண்ணு காசு மிச்சமாகும், இல்லைன்னா உங்களோடது எங்க வித்தியாசப்படுதுன்னு உங்களுக்கே தெளிவாகும். கிளெய்ம் எழுத அந்தத் தெளிவுதான் வேணும்.

புதுசா இருந்தா மட்டும் போதாது, அந்தத் துறைல கை தேர்ந்த ஒருத்தருக்கு "இது தெரிஞ்சதுதானே"ன்னு தோணவும் கூடாது. இதைப் புரிஞ்சுக்க 1978-ல உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. உத்தரப் பிரதேசத்துல மிர்சாபூர்ல பித்தளைப் பாத்திரம் பண்ற ரெண்டு கம்பெனிக்கு நடுவுல வழக்கு. பாத்திரத்தை லேத்துல மாட்டிக் கடைஞ்சு பாலிஷ் பண்ணும்போது அது ஆடாம, கழண்டு பறக்காம பிடிச்சுக்கறதுக்கு ஒரு அமைப்புக்கு ஒருத்தர் 1951-லயே பேட்டன்ட் வாங்கி வச்சிருந்தாங்க. கேஸ் கீழ இருந்து மேல வரைக்கும் போய் கடைசில உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, ஏற்கனவே பழக்கத்துல இருந்த பிடிமானத்துல அழுத்தம் கொடுக்கற ஸ்பிண்டிலைச் சேர்த்ததெல்லாம் பட்டறைல நடக்கற சாதாரண மேம்பாடு, கண்டுபிடிப்பு ஆகாது. பேட்டன்ட் ரத்து. லேத் முன்னாடி நின்ன யாருக்கும் அந்தத் தீர்ப்பு கொஞ்சம் வலிக்கும், ஏன்னா பட்டறைல நாம பண்ற எல்லாமே அப்படிப்பட்ட மேம்பாடுதான். ஆனா யோசிச்சுப் பார்த்தா நியாயமும் இருக்கு, ஒவ்வொரு போல்ட் நட்டுக்கும் ஒருத்தர் 20 வருஷம் வேலி போட்டா அடுத்த பட்டறைக்காரர் எப்படிப் பொழைப்பார்.

அப்ப உங்க ஸ்பிரிங்குக்கு என்ன கதி? "உருளையில ஸ்பிரிங் சேர்த்தேன்"னு மட்டும் சொன்னா விழுந்துரும். ஸ்பிரிங் சேர்த்ததால ஓடு உடையற அளவு இவ்வளவு குறைஞ்சுது, மத்தவங்க இடைவெளியைக் கையால மாத்திட்டிருந்தாங்க, நான் தானா மாற வச்சேன், அதுல இந்தச் சிக்கல் வந்துச்சு, அதை இப்படித் தீர்த்தேன்னு சொல்ல முடிஞ்சா நிக்கறதுக்கு வாய்ப்பு இருக்கு. அதனால பட்டறைல ஒரு நோட்டு வச்சு தேதி போட்டு எத்தனை காய் போட்டீங்க, எத்தனை உடைஞ்சுதுன்னு எழுதி வைங்க. பின்னாடி ஆபீஸ்ல இருந்து கேள்வி வரும்போது அந்த நோட்டுதான் உங்க பக்கம் பேசும்.

பேட்டன்டே கிடையாதுன்னு சட்டம் ஒதுக்கி வச்ச சங்கதிகளும் இருக்கு, 3-ம் பிரிவுல. விவசாய முறை, நோயாளிக்குச் செய்யற சிகிச்சை முறை, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம், வியாபார முறை, தெரிஞ்ச பொருள்களைச் சும்மா கலக்கறது, பாரம்பரிய அறிவு, இதெல்லாம் அந்தப் பட்டியல்ல வரும். ஆப் பண்ணியிருக்கேன் பேட்டன்ட் வேணும்னு வர்ற பசங்க, பாட்டி சொன்ன மூலிகைக் கலவைக்குக் கேக்கறவங்க ரெண்டு பேருமே இங்கதான் முட்டி நிப்பாங்க. மூலிகை விஷயத்துல இந்தப் பிரிவு இங்க நம்மளைக் காப்பாத்தவும் செய்யுது, வெளிநாட்டுல கொடுத்துட்டா நாமதான் சண்டை போடணும். 1995-ல மஞ்சள் பொடியால புண் ஆத்தறதுக்கு அமெரிக்கால மிசிசிப்பி பல்கலைக்கழக மெடிக்கல் சென்டர் பேர்ல பேட்டன்ட் கொடுத்துட்டாங்க, நம்ம மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் பழைய ஆதாரங்களை எல்லாம் தேடி எடுத்துக் கொடுத்து 1997-ல அதை ரத்து பண்ண வச்சுது. அதுக்கப்புறம்தான் ஆயுர்வேதம், சித்தா, யுனானிச் சுவடிகளையெல்லாம் வெளிநாட்டு ஆபீஸர்கள் படிக்கற மாதிரி மொழிபெயர்த்து டிஜிட்டல் நூலகமா சேர்த்தாங்க.

இதே 3-ம் பிரிவுல (டி)ன்னு ஒரு உட்பிரிவு இருக்கு, தெரிஞ்ச மருந்தோட புது வடிவத்துக்கு, நோயைக் குணப்படுத்தற திறன் கூடியிருந்தா ஒழிய பேட்டன்ட் கிடையாதுன்னு சொல்றது. உலகமே பேசின வழக்கு அது, ஆரம்பிச்சது நம்ம சென்னை பேட்டன்ட் ஆபீஸ்ல. நோவார்ட்டிஸ் கம்பெனி ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்கு 1998-ல விண்ணப்பம் போட்டுது, 2006 ஜனவரில சென்னை ஆபீஸ் நிராகரிச்சுது, கடைசில 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றமும் முடியாதுன்னு சொல்லிருச்சு. அப்ப அந்த மருந்து மாசத்துக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல, அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் பண்ற ஜெனரிக் அதுல பத்துல ஒரு பங்குக்கும் கீழ. அந்த விண்ணப்பத்தை எதிர்த்து ஆட்சேபம் போட்டவங்கள்ல புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒண்ணு. ஒரு விண்ணப்பம் வெளியான பிறகு, பேட்டன்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி, யார் வேணும்னாலும் ஆட்சேபம் போடலாம், இது நம்ம சட்டத்துல இருக்கற நல்ல கதவு. உங்க தேங்காய் மெஷினுக்கும் பொள்ளாச்சில இருந்து ஒருத்தர் போடலாம்.

இப்ப எழுத்துக்கு வருவோம், எனக்கு ரொம்ப மனசுல படற விஷயம் இதுதான். உங்க முதல் கிளெய்ம்ல "6 மில்லிமீட்டர் நீளப் பல்லு, பன்னெண்டு வரிசை, எஃகு ஸ்பிரிங்"னு எழுதினீங்கன்னு வைங்க. பக்கத்து பட்டறைக்காரர் 8 மில்லிமீட்டர் பல்லு வச்சு ஸ்பிரிங்குக்குப் பதிலா ரப்பர் புஷ் போட்டா அவர் உங்க செக்குபந்திக்கு வெளிய நிக்கறார், நீங்க பார்த்துட்டே இருக்க வேண்டியதுதான். அதுக்காக "தேங்காய் உரிக்கற எந்த மெஷினும்"னு எழுதினா ஏற்கனவே இருக்கற மெஷின் எல்லாம் உள்ள வந்துரும், கொடுக்க மாட்டாங்க. நடுவுல ஒரு இடம் இருக்கு, "உருளைகளோட இடைவெளி காயோட அளவுக்குத் தகுந்த மாதிரி தானா மாறற விதமா மீளற தன்மை உள்ள ஒரு அமைப்பு"ன்னு பெரிய வட்டமா ஒண்ணு, அதுக்குள்ள "அந்த அமைப்பு ஸ்பிரிங்", "அந்த அமைப்பு ரப்பர்"னு சின்ன வட்டங்களா அடுத்த கிளெய்ம்கள். வெளி வட்டம் விழுந்தாலும் உள் வட்டம் நிக்கும். பஜாஜுக்கும் நம்ம ஓசூர் டிவிஎஸ்ஸுக்கும் ரெட்டை ஸ்பார்க் பிளக் இன்ஜினுக்காக சென்னை உயர் நீதிமன்றத்துல நடந்த வழக்கும் இப்படிப்பட்ட சண்டைதான், அவங்க இன்ஜின்ல ரெண்டு வால்வு எங்களோடதுல மூணு வால்வுன்னு டிவிஎஸ் வாதாடினாங்க. 2008-ல டிவிஎஸ்ஸுக்குத் தடை, 2009-ல அந்தத் தடை நீக்கம், அப்புறம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிகளே ஒரு வாக்கியத்துக்குள்ள எது வரும் எது வராதுன்னு வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க.

அந்த வாக்கியத்தைத் தமிழ்ல எழுத முடியாது. விதிப்படி ஆவணங்கள் ஆங்கிலத்துலயோ இந்திலயோதான் இருக்கணும். இது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். மெஷினைப் பண்ணவர் "கொக்கி", "கப்பி", "தள்ளு கம்பி"ன்னு தமிழ்ல யோசிச்சுத்தான் பண்ணியிருப்பார், அது விண்ணப்பம் எழுதிக் கொடுக்கற பேட்டன்ட் ஏஜென்ட் மேஜைக்குப் போய் ஆங்கிலமாகும்போது எந்தப் பாகம் உயிர் எந்தப் பாகம் அலங்காரம்னு ஏஜென்டுக்குத் தெரியாம போயிருது, எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பார்க்க இவருக்கும் வராது, கையெழுத்தை மட்டும் போட்டுட்டு வர்றார். தன் சொத்தோட எல்லை எதுன்னு சொந்தக்காரருக்கே தெரியாத பத்திரம் அது. பத்திரம் எழுதறதுக்குத் தமிழ் போதும்னா இதுக்கும் போதணும், குறைஞ்சபட்சம் விண்ணப்பதாரர் மொழில ஒரு பிரதி சேர்த்து வைக்கற ஏற்பாடாவது வரணும்.

நடைமுறை இதுதான். விண்ணப்பம் ஃபாரம் 1, பொருளை விளக்கி எழுதற விவரக்குறிப்பு ஃபாரம் 2. மெஷின் இன்னும் முழுசா முடியலைன்னா தற்காலிக விவரக்குறிப்பு போட்டுத் தேதியைப் பிடிச்சுக்கலாம், அதை "புரொவிஷனல் பேட்டன்ட்"னு சொல்லிட்டு திரியறாங்க, அப்படி ஒண்ணு கிடையாது, அது வெறும் தேதிதான், அதுவும் அதுல என்ன எழுதியிருக்கீங்களோ அதுக்கு மட்டும்தான். ரெண்டு பக்கத்துல அவசரமா கிறுக்கிப் போட்டா எழுதாத பாகத்துக்குத் தேதி கிடைக்காது. 12 மாசத்துக்குள்ள முழு விவரக்குறிப்பு போடலைன்னா விண்ணப்பம் கைவிட்டதா ஆயிரும். தமிழ்நாட்டுக்காரங்களுக்கு ஆபீஸ் சென்னை கிண்டில, ஆனா எல்லாம் ஆன்லைன்தான். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம்னா ஃபைல் பண்ற கட்டணம் 1,600 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 8,000. 30 பக்கத்துக்கு மேல போனா, 10 கிளெய்முக்கு மேல போனா கூடுதல் கட்டணம். அரசாங்கத்துக்குக் கட்டறது சின்னத் தொகைதான், ஏஜென்ட் ஃபீஸ்தான் பெருசு. ஏஜென்ட் இல்லாம நீங்களே போடலாம், சட்டம் தடுக்கல, ஆனா கிளெய்மை மட்டும் அனுபவம் உள்ளவர்கிட்டக் காட்டாம அனுப்பாதீங்க. சென்னைல தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்துல பேட்டன்ட் தகவல் மையம் இருக்கு, குஜராத்ல இருக்கற தேசிய கண்டுபிடிப்பு அறக்கட்டளை படிக்காத, கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்களுக்கு அவங்க செலவுலயே விண்ணப்பம் போட்டுக் கொடுக்கறாங்க. இதெல்லாம் தெரியாமலே நிறைய பேர் கடன் வாங்கிக் கட்டறாங்க.

போட்டாச்சுன்னு சும்மா இருந்தா யாரும் எடுத்துப் பார்க்க மாட்டாங்க. பரிசோதிக்கச் சொல்லித் தனியா ஃபாரம் 18 போடணும், தனிநபருக்கு 4,000 ரூபாய். முன்னாடி 48 மாசம் டைம் இருந்துச்சு, 2024 மார்ச் 15-க்கு அப்புறம் போட்ட விண்ணப்பங்களுக்கு 31 மாசம்தான். போடலைன்னா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினதா எடுத்துக்குவாங்க, ஒரு போன்கூட வராது. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், விண்ணப்பதாரர்கள்ல ஒரு பெண் இருந்தா, சீக்கிரம் பரிசோதிக்கச் சொல்லி ஃபாரம் 18ஏ போடற வசதி இருக்கு. அப்புறம் ஆபீஸர் முதல் பரிசோதனை அறிக்கை அனுப்புவார், அதுல அமெரிக்க சீன ஜப்பானியப் பேட்டன்டையெல்லாம் காட்டி உங்களோடது புதுசில்லன்னு எழுதியிருப்பார். அதைப் பார்த்து இடிஞ்சு போகாதீங்க, எல்லாருக்கும் வர்றதுதான், அது நிராகரிப்பு இல்ல, கேள்வி. 6 மாசத்துக்குள்ள பதில் சொல்லணும், கட்டணம் கட்டி இன்னும் 3 மாசம் நீட்டலாம். பதிலே போடாம விட்டா அதோட விண்ணப்பம் முடிஞ்சுது.

இதுக்கு நடுவுல 18 மாசம் ஆனதும் விண்ணப்பம் பேட்டன்ட் ஆபீஸோட ஜர்னல்ல வெளியாகும். இங்கதான் ஒரு அநியாயம் நடக்குது, சொல்லாம விட முடியல. ஜர்னல்ல வர்றது தானா நடக்கறது, போட்ட விண்ணப்பம் எல்லாம் வரும், யாரும் அதைப் பரிசோதிச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க. அதைப் பிடிச்சுட்டு "பேட்டன்ட் பப்ளிஷ்ட்"னு காலேஜ் வாசல்ல பேனர் கட்டறாங்க, பதவி உயர்வுக்குக் கணக்குக் காட்டறாங்க, இவ்வளவு ரூபாய் கொடுத்தா உங்க பேரையும் சேர்க்கறோம்னு மெசேஜ் அனுப்பறாங்க. உண்மையா கண்டுபிடிச்ச பையனோட பேரு ஏழாவதோ எட்டாவதோ வரும், சில சமயம் வரவே வராது. கண்டுபிடிச்சவர் பேரை மறைச்சு, பண்ணாதவர் பேரைச் சேர்த்து அரசாங்கத்துக்கு உறுதிமொழி கொடுக்கறது பொய் சொல்றது, அதுக்கு வேற பேரு கிடையாது. படிக்கற பசங்க யாராவது இதைப் பார்த்தா, உங்க ப்ராஜெக்டுக்கு ஃபைல் பண்றாங்கன்னா ஃபாரம் 1-ஐ வாங்கிப் பாருங்க, கண்டுபிடிச்சவர் இடத்துல யார் பேரு இருக்குன்னு கண்ணால பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கேள்வியெல்லாம் தாண்டி, தேவைப்பட்டா வீடியோ கால்ல ஹியரிங் முடிஞ்சு, பேட்டன்ட் கைக்கு வந்ததுக்கப்புறம் புதுப்பிக்கற கட்டணம் கட்டணும், விண்ணப்பம் போட்ட தேதில இருந்து எண்ணி மூணாவது வருஷத்துக்கு ஆரம்பிச்சு வருஷா வருஷம், தனிநபருக்கு 800 ரூபாய்ல ஆரம்பிச்சு கடைசி வருஷங்கள்ல 8,000 வரைக்கும் போகும். கட்டாம விட்டா வேலி தானா விழுந்துரும். யாராவது காப்பி அடிச்சா பேட்டன்ட் ஆபீஸ் வந்து பிடிக்காது, நீங்கதான் கோர்ட்டுக்குப் போகணும். போலீஸ் கேஸும் ஆகாது.

அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஏஜென்ட் எதிர்ல உக்காந்து ஒரு மணி நேரம் எடுத்துக்கங்க. முதல் கிளெய்மைத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க, அவருக்குத் தமிழ் வராதுன்னா வர்ற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. "சார், எங்க பக்கத்து பட்டறைக்காரர் இதுல எதை மாத்தினா தப்பிச்சுக்குவார்?"னு கேளுங்க. ஸ்பிரிங்கைத் தூக்கிட்டு ரப்பர் போட்டா? மேல இருக்கற உருளையை அசையாம வச்சுட்டு கீழ இருக்கறதை அசைய விட்டா? ரெண்டு உருளைக்குப் பதிலா மூணு போட்டா? ஒவ்வொண்ணுக்கும் அவர் விரலை வச்சு எந்த வரில அது அடங்குதுன்னு காட்டணும். காட்ட முடியாத இடத்துல அன்னைக்கே திருத்தி எழுதச் சொல்லுங்க, ஃபைல் பண்ணதுக்கப்புறம் வெளிய இருந்து புதுசா எதையும் உள்ள சேர்க்க விட மாட்டாங்க.